சூசை அடித்த பெயிண்ட்

அருள்செல்வியிடம் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால் போதும், பேச்சு எப்படியாவது அந்தத் தேக்கு மரத்தில் வந்து நின்றுவிடும். விலைவாசியில் ஆரம்பித்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் வலியில் ஆரம்பித்தாலும் சரி. அவள் பிறந்த வாரம் அவளுடைய அப்பா சூசை, மம்சாபுரத்தில் இருந்த சின்னத் தோட்டத்து வரப்பில் ஒரு தேக்கங்கன்று நட்டார். பெண் வளரும்போது மரமும் வளரும், கல்யாணத்துக்கு அந்த மரத்திலேயே பீரோ செய்து கொடுத்து அனுப்பலாம் என்று அவர் நினைப்பு. வீட்டில் அதற்குப் பெயரே ‘அருள்செல்வி மரம்’தான். நாலு வருஷம் கழித்துத் தம்பி பெலிக்ஸ் பிறந்தான். அவனுக்கு ஒரு முருங்கைக் குச்சிகூட யாரும் நடவில்லை. இந்த ஒரு விஷயத்தை அவள் நாற்பத்தேழு வயதிலும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். ஆடட்டுமே! பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு அப்பன் வீட்டில் தம்பியைவிட ஒன்று கூடுதலாகக் கிடைப்பது தினமும் நடக்கிற காரியமா என்ன?

மரத்தை வெட்டியபோது அவள் ஊரில் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து இறங்கியபோது, ஆளுயரப் பீரோ பளபளவென்று ஆகாய நீலத்தில் நின்றுகொண்டிருந்தது. சூசைக்குத் தொழில் பெயிண்டிங். அவர் அடித்தால் பிரஷ் போன தடமே தெரியாது என்று ஊரில் பேர். வெளிப்பக்கம் மட்டுமா? உள்தட்டு, அடிப்பலகை, சுவரில் ஒட்டி நிற்கிற முதுகுப்பக்கம், எல்லாவற்றுக்கும் மேடுபள்ளம் மறைய மாவு பூசிப் பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்து, எனாமல் அடித்திருந்தார்.

“தேக்குக்கு எதுக்குப்பா பெயிண்டு?” என்று அவள் கேட்கத்தான் செய்தாள்.

“பெயிண்டர் மக கொண்டு போற சாமான்ல பெயிண்டு இல்லன்னா நாலு பேரு என்னைய என்ன கேப்பான்?” என்றார் சூசை.

நியாயமாகத்தான் பட்டது. அதே பதிலை அவள் ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். வீடு மாற்றும்போது பீரோவைத் தூக்கிய ஆட்கள், “என்னக்கா தேக்கு, பஞ்சு கணக்கா இருக்கு?” என்று சிரித்தார்கள். காய்ந்த தேக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவள் அவர்களுக்கே பாடம் எடுத்தாள்.

இதோடு விட்டாரா சூசை? ஒவ்வொரு டிசம்பரிலும், கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கையில் ஒரு டப்பா பெயிண்டும் பிரஷ்ஷுமாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். வீட்டில் வேறு எதையும் தொட மாட்டார். ஜன்னல் துருப்பிடித்துக் கிடக்கும், கதவு வெளுத்துக் கிடக்கும். அவருக்குப் பீரோ ஒன்றுதான் கண்ணில் படும். எங்கேயாவது பெயர்ந்திருக்கிறதா என்று குனிந்து, மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு கோட்டிங் அடித்து முடித்துவிட்டு, மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுவார். எழுபத்தைந்து வயதிலும், கை நடுக்கம் வந்த பிறகும் இது நிற்கவில்லை. இருபத்து மூன்று கிறிஸ்துமஸ். “எங்கப்பா மாதிரி ஒருத்தர காட்டுங்க பாப்போம்” என்று அவள் தெருவையே சவாலுக்கு இழுப்பாள்.

அம்மா இறந்து ஒரு வருஷம் கழித்து, அம்மா பேரில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் இதனால்தான். பத்திர ஆபீசில் எழுத்தர், “நல்லா யோசிச்சுத்தானம்மா போடுதீய?” என்று கேட்டார். “எனக்குன்னு வச்ச மரம் எனக்கு வந்துருச்சு. வேற என்னத்துக்கு?” என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெலிக்ஸ் பேனாவை வாங்கி மூடி வைத்தான். வெளியே வந்ததும் அக்காவுக்கு அரைக்கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்தான்.

அருள்செல்விக்குப் பழைய மரச்சாமான் பைத்தியம் பிடித்தது கொரோனாவுக்குப் பிறகு. பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் மிச்ச நாள் அவளுக்குத்தான். பழைய சாமான் கடையில் கால் ஒடிந்து கிடந்த ஒரு நாற்காலியை இரக்கப்பட்டு வாங்கி வந்தாள். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பெயிண்ட் ரிமூவர் தடவி, தகடு வைத்துச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். உள்ளேயிருந்து பொன்னிறத்தில் ரேகையோடு தேக்கு எழுந்து வந்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அன்று தொடங்கியதுதான். தெருவில் யார் வீட்டு ஸ்டூல், யார் வீட்டு ஈஸிசேர் என்று ஒவ்வொன்றாய்ப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தது. “வீட்டுக்குள்ள சோறு வாசம் போயி தின்னர் வாசமா அடிக்குது” என்று புருஷன் செல்வின் முணுமுணுப்பான். ஆனால் கனமானதைத் தூக்க அவன்தான் வருவான். அஞ்சு வருஷத்தில் அவளுக்கு மரம் அத்துப்படி. தேய்க்கும்போது கிளம்புகிற வாசத்தை வைத்தே இது தேக்கு, இது வேம்பு என்று சொல்லிவிடுவாள்.

சொந்தப் பீரோவில் மட்டும் கை வைக்கவில்லை. அப்பா அடித்த பெயிண்டை எப்படிச் சுரண்டுவது? ஆனால் மகள் அக்சாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. பூ வைக்க வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் அருள்செல்வி வழக்கம்போல மரக்கதையைச் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டு, “அந்தப் பீரோவயே பிள்ளைக்குக் குடுத்து விடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள். அருள்செல்விக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் மரம் அவளைத் தாண்டி அவள் மகளுக்கும் போகப்போகிறது. இந்த முறை பெயிண்ட் இல்லாமல், தேக்கு தேக்காகவே போகட்டும் என்று நினைத்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்சா மதுரையில் வேலைக்குப் போயிருந்த சமயம், செல்வினும் அவளும் பீரோவைப் பின்கட்டுக்கு நகர்த்தினார்கள். வலது கதவில் ரிமூவரைத் தடவினாள். பெயிண்ட் பொங்கிச் சுருண்டது. மேலே வெள்ளை, அதன் கீழே பச்சை, இன்னும் கீழே போகப் போகச் சந்தன நிறம். சந்தன நிறம், கோயிலில் அக்சாவுக்கு முதல் நற்கருணையான புதுநன்மை கொடுத்த வருஷம் அடித்தது. ரோஸ் நிறம் வந்தது. செல்வினுக்கு மஞ்சள்காமாலை வந்த வருஷம் அது. அப்பா அன்று கீழாநெல்லியும் பறித்து வந்திருந்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் அவள் கை நின்று நின்று போனது. கண்கூடக் கலங்கியது. கடைசியில் அந்த ஆகாய நீலம் வந்தது, அதற்கடியில் வெள்ளைப் பிரைமர், பிறகு பட்டி.

பட்டி மட்டும் ஓயவே இல்லை. விரல்கனத்துக்குப் பூசியிருந்தது. தேக்குக்கு எதற்கு இவ்வளவு பட்டி? தகடை அழுத்திப் பிடித்துச் சுரண்டினாள். கீழே சாம்பலும் வெளிறிய மஞ்சளும் கலந்த ஒரு பலகை வந்தது. உப்புத்தாள் போட்டாள். ரேகை இல்லை. தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மூக்கை வைத்து மோந்து பார்த்தாள், வாசமும் இல்லை. நகத்தால் அழுத்தியதும் நகம் பதிந்தது.

இடது கதவைச் சுரண்டினாள். பக்கவாட்டில் சுரண்டினாள். தட்டைக் கழற்றி அடியில் சுரண்டினாள். முதுகுப்பக்கம் பழம் அடைக்கிற பெட்டிப் பலகை, ஆணி பிடுங்கின ஓட்டைகளோடு. மற்றதெல்லாம் மாம்பலகை. இந்தப் பக்கத்தில் தோப்புக்குத் தோப்பு காய்ப்பு நின்ற மாமரத்தை வெட்டிப் போடுவார்களே, அந்தப் பலகை.

செல்வின் டீ டம்ளரோடு வந்து பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. “ஒருவேள கதவுக்கு மட்டும்...” என்று இழுத்தான்.

“எல்லாமே இதுதான்,” என்றாள் அருள்செல்வி. கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் யார் மேல் என்கிறீர்கள்? பீரோ செய்த ஆசாரி மேல். “பாவி! மரத்தை அமுக்கிக்கிட்டு எங்கப்பா தலையில மொளகா அரைச்சிருக்கான். பட்டி பாத்தே குடுத்துருப்பான், அவியளுக்கு என்ன தெரியும்? பாவம், இத்தன வருசமா தேக்குன்னு நெனச்சு அடிச்சுக்கிட்டு வந்துருக்காவ.”

செல்வின் டீ டம்ளரை அவள் பக்கத்தில் வைத்தான். நாற்பது வருஷம் மரத்துக்குப் பெயிண்ட் அடித்த மனுஷனுக்குத் தேக்கும் மாவும் தெரியாமல் போகுமா என்று அவன் நினைத்திருக்கலாம். நினைத்ததைச் சொல்லியிருந்தால் அன்று வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, கழற்றிய தட்டுப்பலகையை ஒரு பழைய சேலையில் சுற்றிக்கொண்டு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே கவலை, இதை அப்பாவிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று. போன வருஷம்தான் நெஞ்சுவலி என்று மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் தாங்குவாரா? ‘போனது போகுதுப்பா, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

சூசை முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தம்பி பெண்டாட்டி ஞானபாக்கியம், “வாங்க மதினி” என்று காப்பி போடப் போனாள். அருள்செல்வி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, நான் ஒண்ணு சொல்லுவேன். நீங்க பதறக் கூடாது” என்று சொல்லிச் சேலையைப் பிரித்தாள்.

சூசை பலகையைப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை. என்ன பலகை இது என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“எதுக்குட்டி அதப் போயி சொரண்டுன?” என்றார்.

அருள்செல்விக்கு முதலில் விளங்கவில்லை. அப்பாவின் முகத்தில் ஆச்சரியம் இல்லை, கோபம் இல்லை. பிடிபட்டவனின் முகம் அது. அவள் அவர் கையை விட்டாள்.

“ஒங்களுக்குத் தெரியுமாப்பா?”

அவர் தலை குனிந்தார்.

“அப்ப என் மரம் எங்க?”

அடுக்களையில் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது. கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்த பெலிக்ஸ், செருப்பைக் கழற்றுவதற்காக வாசல் கதவில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். அக்காவின் கேள்வி காதில் விழுந்ததும் கதவிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தான்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். இரட்டைக் கதவு, அகலமான நிலை, மேலே சிலுவை செதுக்கிய ஒரு பலகை. எல்லாவற்றிலும் கெட்டியாகக் காப்பி நிறப் பெயிண்ட். இந்த வீட்டைக் கட்டியதும் அவள் கல்யாணமும் ஒரே வருஷம். பிறந்த வீட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் இந்தக் கதவைத் தொட்டுத்தான் அவள் உள்ளே வந்திருக்கிறாள்.

மூலையில் சூசையின் பழைய சாமான் டப்பா இருந்தது. அதிலிருந்து பட்டித் தகடை எடுத்துக்கொண்டு போனாள். “அக்கா, அக்கா” என்று பெலிக்ஸ் குறுக்கே வந்தான். “தள்ளுல” என்றாள் ஒரே வார்த்தையில். அவன் விலகிக்கொண்டான். கதவின் நடுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினாள். பட்டியே இல்லை. பெயிண்ட் விட்டுக்கொடுத்த உடனே பழுப்புப் பொன்னில் ரேகை ரேகையாக வந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். வாசம் வந்தது. அஞ்சு வருஷமாக ஊரார் நாற்காலிகளில் அவள் தேடித் தேடி மோந்த அதே வாசம்.

“பெலிக்சுக்கு வீடு கட்டிக்கிட்டு இருந்தோம்,” என்றார் சூசை, உட்கார்ந்த இடத்திலிருந்தே. “நெலைக்கும் கதவுக்கும் மரம் வேண்டியிருந்துச்சு. ஆசாரிதான் தோட்டத்துல பாத்துட்டு, கையில மரத்த வச்சுக்கிட்டு வெளிய தேடுதீயளேன்னான். வாசக்கதவு நாலு பேரு பாக்குறது. பீரோ வீட்டுக்குள்ள கெடக்குறது. அப்படி நெனச்சுட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாப்பா. வச்சுக்கோங்கன்னு நானே சொல்லிருப்பேனே.”

“சொல்லத்தாம்மா வருசா வருசம் வந்தேன். டப்பாவ தூக்கிட்டு பஸ் ஏறும்போதே, இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் ஏறுவேன். நீ எங்கப்பா வந்துட்டாவன்னு தெருவுக்கே கேக்கும்படி கத்துவெ. பொறவு நான் எங்க சொல்ல? எங்கயாவது பேந்துருக்கான்னு பாத்து, ஒரு கோட்டிங் அடிச்சுட்டு வந்துருவேன்.”

டார்ச் அடித்து, மண்டியிட்டு, அவர் பார்த்ததெல்லாம் இதற்குத்தானா? மகள் மேல் ஆசை என்று அவள் கொண்டாடின இருபத்து மூன்று டிசம்பரும், எங்கே குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பார்க்க வந்த வேலையா? பாசமும் கொஞ்சம் இருந்திருக்கும், இல்லாமலா இருக்கும். ஆனால் இனிமேல் எது எவ்வளவு என்று அவள் எங்கே போய்ப் பிரித்துப் பார்ப்பாள்?

“அம்மாவுக்கும் தெரியுமா?”

“அவளுக்குத் தெரியாம இந்த வீட்டுல நான் ஒரு ஆணி அடிச்சிருக்கேனா?” என்றார் சூசை. “அவதான் சொன்னா. மூத்தவ ஒண்ணும் கேக்க மாட்டா, நல்ல பிள்ளன்னு.”

“நல்ல பிள்ளன்னா ஏமாத்தலாமாப்பா?” என்றாள். “கேக்குறவனுக்குக் கதவு, கேக்காதவளுக்கு மாம்பலகையா?”

“அக்கா, ஒனக்கு விசயம் தெரியும்னுல்லா நான் நெனச்சேன்,” என்றான் பெலிக்ஸ்.

அருள்செல்வி அவன் பக்கம் திரும்பினாள். “ஏலே, பத்திர ஆபீசுல நான் என்ன சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்?”

அவன் செருப்பைக் கழற்றக் குனிந்தான்.

“சொல்லு, பக்கத்துலதான இருந்த. எனக்குன்னு வச்ச மரம் எனக்கு வந்துருச்சுன்னு சொன்னேன். நீ என்ன பண்ணுன? பேனாவ மூடி வச்ச. நான் அந்த வாசல விட்டு எறங்குற வரைக்கும் ஒனக்கு நேரம் இருந்துச்சுல.”

ஞானபாக்கியம் காப்பியோடு அடுக்களை வாசலில் நின்றாள், உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல். அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பதை அருள்செல்வி அந்த நிற்பிலேயே கண்டுகொண்டாள். ஆக, இந்த வீட்டில் தெரியாத ஒரே ஆள் அவள்தான். வரும்போதெல்லாம் இவர்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு மரக்கதையைச் சொல்லியிருக்கிறாள். இவர்களும் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள். அதை நினைத்தபோதுதான் அவளுக்குக் கூசியது. மரம் போனதுகூட அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

அவள் பலகையை எடுக்காமல் வாசலில் இறங்கினாள். சூசை சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். கதவில் சுரண்டிய இடத்தின் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

“ஏம்மா, சம்பந்தக்காரவிய காதுல இத போட்டுறாத. கல்யாண வீட்டுல அசிங்கமாப் போயிரும்,” என்றார் தாழ்ந்த குரலில். “ரெண்டு நாளைல நான் வாரேன். புதுசா பட்டி பாத்து, மர ரேகை போட்டு, தேக்கு கணக்காவே அடிச்சுத் தந்துருதேன். பாலிஷுன்னுதான் நெனப்பாவ. ஒருத்தருக்கும் தெரியாது. அக்சாவுக்குக்கூடத் தெரியாது.”

அந்த நடுங்குகிற கையால் அதையும் அவர் செய்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்ட வேண்டும் போலிருந்தது. “நீங்க வர வேண்டாம்ப்பா,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டும்போது அக்சா போன் பண்ணினாள். லஞ்ச் நேரம் போல, பின்னால் ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருந்தது.

“அம்மா, தேக்கு வெளிய வந்துருச்சா? போட்டோ அனுப்புங்கன்னா அனுப்ப மாட்டேங்கீய. மாப்பிள்ள வீட்டு அத்த வேற ரெண்டு தடவ கேட்டுட்டாவ.”

வேலை நடக்கிறது என்று சொன்னால் முடிந்தது. அப்பா வந்து அடித்துக் கொடுத்துவிடுவார். அக்சா அந்தப் பீரோவோடு போய் இறங்கி, தன் அம்மாவைப் போலவே தெருவுக்கெல்லாம் கதை சொல்லுவாள். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். அதையும் அருள்செல்வி பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், அவளுடைய அம்மா இருந்த மாதிரி.

“அக்சா, சத்தம் இல்லாத எடத்துக்குச் செத்த வா,” என்றாள். மகள் எழுந்து நடக்கும் வரை காத்திருந்தாள். “அது தேக்கு இல்லட்டி. மாம்பலகை. மாப்பிள்ள வீட்டுலயும் இன்னைக்கே சொல்லிருவோம்.”

“என்னம்மா சொல்லுதீய? தாத்தா மரம்லா அது? யாரு மாத்துனா?”

பஸ்ஸில் பாதிப் பேர் தெரிந்த முகம். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அருள்செல்வி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கப்பாதான்,” என்றாள். “எங்கப்பாதாம்மா என்னைய ஏமாத்திட்டாவ.”

சொல்லி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். அருள்செல்வி முகத்தை மூடிக்கொள்ளவில்லை.